புறங்கை

இன்றைக்கும் ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் என் வலது கை தானாக ஒருமுறை திரும்பிக்கொள்கிறது. விரல்களின் பின்பக்கத்தால் கைப்பிடியை லேசாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிடித்துத் திறக்கிறேன். கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் குழாய், மழை நாளில் தெருவிளக்குக் கம்பம், எதுவானாலும் இப்படித்தான். ஆபீசில் ஜெராக்ஸ் மிஷினை நான் அப்படித் தொடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், மிஷினுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். இந்தப் பழக்கம் எனக்குத் திருவானைக்காவலில் கிட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். திருச்சி மெல்லிசைக் குழுக்களில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் 'புறங்கை அக்கா'. நேரில் 'அக்கா', ஆள் நகர்ந்தால் 'புறங்கை'. வாத்தியக்காரர்களுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். எனக்கும்தான்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்பு. சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது மட்டும் கழற்றுவார். அதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். முன்னறையில் ஒரு மேஜை, மேஜைக்குக் கீழே ரப்பர் பாய், சுவரோரம் திறந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபையர்களும் மைக் மிக்சர்களும். ஒரு காலத்தில் அவரும் அவர் கணவரும் அங்கே பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கணவர் இறந்த பிறகு மோட்டாரை விட்டுவிட்டு, கிட்டார் பக்கம் வந்துவிட்டார். "மோட்டாருக்குள்ள இருக்கிறதும் காயில்தான். கிட்டார் பிக்கப்புக்குள்ள இருக்கிறதும் காயில்தான். இது கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்" என்பார்.

எதையும் அவர் உள்ளங்கையால் முதலில் தொட்டதே இல்லை. நாம் நீட்டும் கிட்டாரை வாங்குவதற்கு முன் கம்பிகளைப் புறங்கையால் தடவுவார். அது எந்த ஆம்ப்பிலும் மாட்டியிருக்காது. உறையிலிருந்து அப்போதுதான் எடுத்திருப்போம். ஆனாலும் தடவுவார். சொந்த வீட்டுக் கிரில் கதவை, தண்ணீர் டம்ளரை, ஒருமுறை யாரோ தூக்கிவந்த கைக்குழந்தையின் கன்னத்தை. குழந்தை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அதன் பிறகுதான் கையை நீட்டி வாங்கினார்.

"ஏன்க்கா இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கையால தொட்டா, கரண்ட் இருந்தா கை மூடிக்கும் சார். மூடுன கை தானா தெறக்காது. புறங்கையால தொட்டா, மூடுறப்ப அது வெலகித்தான் போகும்" என்றார். பிறகு தன் வலது கையை மேஜைமேல் வைத்து, விரல்களை மெதுவாக மூடிக் காட்டினார். மூடியவர் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. எனக்கு ஏனோ அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதைப் பைத்தியம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவி சுமதியும் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் சேவிக்க வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பத்துப் பேர் முன்னால் அக்கா. இரண்டு பக்கமும் ஸ்டீல் பைப் தடுப்பு, மேலே வரிசையாக மின்விசிறி. எல்லோரும் பைப்பில் சாய்ந்து, தொங்கி, குழந்தையை உட்கார வைத்து நகர்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மடித்துக்கொண்டு நட்ட நடுவில் நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் பைப்பைப் புறங்கையால் ஒரு தொடு. பின்னால் நின்ற அம்மாள் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, பைப்புல என்ன கரண்ட்டா ஓடுது? நகருங்களேன்" என்றார்.

"ஓடலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று திரும்பிக் கேட்டார் அக்கா. சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கும் என்பதுபோல இருந்தது. அந்த அம்மாள் சாய்ந்திருந்த பைப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சுமதி என் காதில், "பாவம், பயத்துலயே வாழுறாங்க" என்றாள்.

பயம் வீண்போகாத ஒருநாளும் உண்டு. அவர் தெருமுனைப் பால்கடையில் நானும் அவரும் நின்றிருந்தோம். மோர் பாக்கெட் எடுக்க ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் புறங்கையால் தொட்டவர், கையை உதறிக்கொண்டு பின்னால் போய் என்மேல் மோதினார். "யாரும் தொடாதீங்க! மெயின நிறுத்துங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கடைக்காரருக்குக் கோபம். "காலைலேர்ந்து அம்பது பேரு தொட்டுட்டாங்க, உங்களுக்கு மட்டும்தான் அடிக்குது" என்றார். அக்கா உள்ளே போய் மெயினை இறக்கிவிட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் எலி கடித்திருந்த வயரைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரரின் பெண் பள்ளிக்கூட யூனிஃபார்மில், செருப்பில்லாமல், ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தது. அக்கா அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்தார். அதற்குப் பிறகும் நான் அவரைப் 'புறங்கை' என்று சொல்வதை நிறுத்தவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நான் மன்னார்புரத்தில் குடியிருக்கிறேன். பகலில் ஆபீஸ் குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். சுமதி அதே குழுவில் பாடகி. என்னிடம் இருந்தது பாதி கூடான எலக்ட்ரிக் கிட்டார். நடுவில் ஒரு மரக்கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம், மேற்பலகையில் வளைந்து நீண்ட இரண்டு துளைகள். கம்பிகளுக்குக் கீழே, அவற்றின் அதிர்வை வாங்கி ஆம்ப்புக்கு அனுப்பும் இரண்டு பிக்கப் பெட்டிகள், பளபளவென்று. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஆறு திருகுத்தலைகள் இருக்கும்; ஆறு கம்பிகளும் அவற்றுக்கு நேர் மேலே ஓடவேண்டும். என் கிட்டார் வேனில் ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து கழுத்துப் பக்கத்துப் பிக்கப் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. மெல்லிய கம்பி திருகுத்தலையை விட்டு வெளியே ஓடியது. எல்லாக் கம்பியும் பேச, அது மட்டும் முனகியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் நிகழ்ச்சி. திங்கட்கிழமையே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

புறங்கைச் சடங்கு முடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். ஒரு வெள்ளை நூலைக் கிட்டாரின் தலையிலிருந்து அடிவரை இழுத்துக் கட்டி, நடுக்கோடு எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். "கழுத்து நேராத்தான் இருக்கு. பிக்கப்பப் புடிச்சிருக்கிற சட்டத்துல திருகு ஓட்டை பெருசாயிருச்சு. அதான் நழுவுது" என்றார். ஊதுபத்திக் குச்சியை மூங்கில் தெரியச் சீவி, பசை தொட்டு, அந்த ஓட்டைகளில் அடைத்தார். இனி புதிதாகத் துளைத்துத் திருகவேண்டும். உள்ளே இருக்கும் வயர்களைப் பார்க்க, ஒலி கூட்டும் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே விட்டார். விடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டினார். வேலை முடிந்ததும் அந்த நூலைப் பிடித்து இழுத்தால்தான் குமிழ் தன் இடத்துக்குத் திரும்ப வரும். "உள்ள போறத வெளிய கொண்டாற வழி வச்சுட்டுத்தான் உள்ள விடணும்" என்றார்.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஜீயபுரத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நாங்கள் வாசித்தது. யாருக்குக் காட்டினாலும் பெருமை தாங்காது. எனக்கும் சுமதிக்கும் அந்த வீடியோ அப்படி.

எங்களுக்கு மேடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டின் கடைசி வரியில், சுமதி வலது கையில் மைக்கைப் பிடித்தபடியே என்னிடம் வருவாள். நான் இடது கையால் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் தன் இடது கையால் ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுப்பாள். பாட்டு அதோடு முடியும். கல்யாணங்களில் இதற்காகவே எங்களைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஜீயபுரத்தில் அவள் கம்பியைத் தொட்டதும் நிஜமாகவே லேசாகச் சுள்ளென்று அடித்தது. கையை இழுத்துக்கொண்டு மைக்கிலேயே, "ஐயோ, இவரத் தொட்டாலே ஷாக் அடிக்குதுங்க!" என்றாள். கூட்டம் விசிலடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவள் துள்ளிக் குதித்து அதையே சொல்வதும் எங்கள் வழக்கத்தில் சேர்ந்துகொண்டது.

அக்கா அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது நடிப்பா?"

"இப்பல்லாம் நடிப்புதாங்கக்கா. மொதத் தடவ மட்டும் நெசமாவே லேசா சுள்ளுன்னுச்சாம்."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "உங்க ஆம்ப் பிளக்குல பச்ச வயர் மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்குங்கக்கா" என்றேன்.

பொய். நாலு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து, பிளக்கைத் திறந்து அந்தப் பச்சை வயரை நானே கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தேன். எர்த் வயர். ஆம்ப் 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருந்தது. குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர், "அந்த உஸ்ஸ நிறுத்துங்க, இல்லன்னா கிட்டார நிறுத்துங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வயரை நறுக்கியதும் இரைச்சல் பட்டென்று அடங்கிவிட்டது. பிளக்கை மூடித் திருகினேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பின்னும் ஒழுங்காக இருந்தன. எனக்கு என்னை நினைத்து அவ்வளவு பெருமை.

"ஆம்ப்பக் கொண்டாந்து காட்டுங்களேன்."

"அது மண்டபத்துக்கே போயிருச்சுங்கக்கா." இரண்டாவது பொய். ஆம்ப் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. காட்டினால் அதையும் திறந்து போட்டுவிடுவார், ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்கு வராது என்று பயந்தேன். உண்மையில் அதைவிட, திட்டுவார் என்று பயந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டாருக்குக் குனிந்துகொண்டார். "சனிக்கிழம வாங்க" என்றார்.

சனிக்கிழமை போனேன். பிக்கப் நேராகிவிட்டது. ஆறு கம்பியும் ஆறு திருகுத்தலைக்கு மேல் அச்சு அசலாக ஓடின. ஆனால் கிட்டாரைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பிக்கப்பின் மேலும், மோட்டார் காயிலுக்குச் சுற்றுவார்களே, அந்த மஞ்சள் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டியிருந்தார். வயர் சொருகும் உலோகத் தகடு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. வயரின் முனையில் ரப்பர் உறை.

"பசை காயணும். நான் சொல்ற வரைக்கும் டேப்ப எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா பிக்கப் மறுபடி நழுவிரும்" என்றார்.

"மேடைல அசிங்கமா இருக்குமேக்கா?"

"இருக்கட்டும். கொஞ்சம் உஸ்ஸுன்னும் வரும். வரட்டும், எதையும் நோண்டாதீங்க." பிறகு கேட்டார்: "கடைசியில அந்தக் கம்பி இழுக்குறத இந்த ஒரு தடவ விட்டுறலாமே?"

"அதுக்குத்தானேக்கா கூப்பிடுறாங்க" என்று சிரித்தேன்.

"எந்த மண்டபம்?" என்றார். சொன்னேன். கிட்டாரைக் கொடுக்கும்போது அவர் கை அதை விடக் கொஞ்சம் நேரமெடுத்தது.

ஞாயிறு சாயங்காலம், மேடைக்குப் பக்கத்து அறையில் கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததும் சுமதி முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி?" எனக்கும் தாங்கவில்லை. பசை இந்நேரம் காய்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, பிக்கப் டேப்பின் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பி உரிக்க ஆரம்பித்தேன். கீழே பளபளவென்று உலோகம் தெரிந்தது. விரலால் பிடித்து இழுக்கப்போன நேரம் மாஸ்டர் கதவைத் தட்டி, "மாப்பிள்ளை பொண்ணு வந்தாச்சு, மேடைக்கு வாங்க" என்றார். அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

முதல் பாட்டிலேயே என் மானம் போயிற்று. ஆம்ப் உஸ்ஸென்று இரைந்தது. வழக்கமாகக் கம்பியில் கை வைத்தால் கிட்டாரின் இரைச்சல் குறையும். அன்றைக்குக் கை வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுபோலவே இரைந்தது. மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தார். கிழவி வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று மனதுக்குள் திட்டினேன். அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். மறைக்க விரும்பவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் தற்செயலாக மேடையின் ஓரம் பார்த்தேன். மண்டபத்தின் மின்சாரப் பலகை அங்கே சுவரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வெளுத்த நூல் புடவை, ரப்பர் செருப்பு. வலது கை மெயின் சுவிட்சின் கைப்பிடிமேல் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுமதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நறுக்கிய பச்சை வயர் ஞாபகம் வந்தது. கடைசி வரி வந்துவிட்டது. சுமதி மைக்கோடு என்னிடம் வந்துகொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டி 'வேண்டாம்' என்றேன். அவள் அதைப் பாட்டுக்கு ரசித்து ஆட்டுவதாக நினைத்துச் சிரித்தாள். பின்னால் நகரலாம், நகரவில்லை. முந்நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் கை இறங்கியது. ஆறு கம்பியும் ஒலித்தன.

"ஐயோ, இவரத் தொட்டாலே ஷாக் அடிக்குதுங்க!" என்று துள்ளினாள்.

அது நடிப்பா நிஜமா என்று தெரியாமல் நான் அவள் முகத்தைப் பார்த்த அந்த ஒரு கணத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நடிப்புதான். கண்ணடித்தாள். கூட்டம் கைதட்டியது. மேடை ஓரத்தில் அக்காவைக் காணோம்.

பயம் போனதும் கோபம் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் காலை லீவு போட்டு, கிட்டாரோடு ஆம்ப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவானைக்காவல் போனேன். இரைச்சல் ஆம்ப்பில் இல்லை, அவர் வேலையில்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஆம்ப் மண்டபத்துக்குப் போய்விட்டதாகச் சொன்ன பொய்யெல்லாம் கோபத்தில் மறந்துபோயிற்று.

"என்னக்கா வேல செஞ்சிருக்கீங்க? நிகழ்ச்சி பூராவும் உஸ்ஸு உஸ்ஸுன்னு..."

"உங்க வீட்டம்மா கம்பியத் தொட்டப்ப ஒண்ணும் ஆகலைல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. இரைச்சல்தான்..."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, ஒரு குண்டு பல்பையும் இரண்டு வயரையும் எடுத்துவந்தார். என் ஆம்ப்பைச் சுவரில் சொருகச் சொல்லிவிட்டு, பல்பின் ஒரு வயரை வீட்டு எர்த்தில் வைத்தார். மறு வயரை ஆம்ப்பின் இரும்பு உடம்பில் தொட்டார்.

பல்பு எரிந்தது. மினுக் மினுக்கென்று இல்லை. வீட்டில் விளக்குப் போட்டால் எரிவதுபோல முழுசாக எரிந்தது.

"ஜீயபுரத்துல கரண்ட்டு கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப முழுசா எறங்கிருச்சு. நேத்தே எறங்கிருச்சோ, ராத்திரி எறங்குச்சோ, யாருக்குத் தெரியும்" என்றார். "பச்ச வயர் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும், அதோட போச்சு. அது இல்ல. ஆம்ப்புல இருக்கிறது வயர் வழியா கிட்டாருக்கு வரும், அங்கேர்ந்து கம்பிக்கு வரும். அவங்க வலது கைல மைக்கு. அது மிக்சர் வழியா எர்த்துல நிக்குது. எடது கைல கம்பி. நடுவுல என்ன சார் இருக்கு?"

நடுவில் சுமதியின் நெஞ்சு இருந்தது.

கம்பிகளுக்குப் போகும் வயரைக் கிட்டாருக்குள் அவர்தான் வெட்டிவிட்டிருந்தார். அதனால்தான் இரைச்சல். மிச்சம் கை படக்கூடிய உலோகத்தையெல்லாம் டேப் போட்டு மூடியிருந்தார். பசை காயவேண்டும் என்றது சும்மா. நான் அவரிடம் சொன்ன பொய்க்கு அவர் என்னிடம் சொன்ன பொய்.

"நான் வெட்டுனது எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மாட்டியிருக்கான்னு கேட்டவுடனே மாட்டியிருக்குன்னு சொன்னீங்க. பிளக்கத் தெறந்தே பாக்காதவங்க, தெரியலையேம்பாங்க, இருக்கும்னு நெனைக்கிறேம்பாங்க. யோசிக்காம சொல்றது வெட்டுனவங்க மட்டும்தான்."

"நேராச் சொல்லியிருக்கலாமேக்கா? கிட்டாரக் குடுக்காம இருந்திருக்கலாமே?"

"வேற கிட்டார எரவல் வாங்கிக்கிட்டு அதே ஆம்ப்புல மாட்டியிருப்பீங்க. இது என் கைக்குள்ள வந்த கிட்டாரு. இதுல நான் ஏதாச்சும் செய்ய முடியும்." பல்பின் வயர்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: "சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் மைக் செட்டும் வச்சிருந்தாரு. ஒரு விசேஷத்துல உஸ்ஸுன்னு சத்தம் வருது, நிறுத்துங்கன்னாங்க. எர்த்தக் கழட்டாதம்மான்னு பக்கத்துல ஒரு பெரியவரு சொன்னாரு. நான் கேட்டேனா? கழட்டுனேன். சத்தம் நின்னுச்சு. எல்லாரும் சபாஷுன்னாங்க. அவரு மைக்கக் கைல எடுத்தாரு."

அதுவரை சார் என்று அழைத்தவர் அன்றுதான் தம்பி என்றார். வலது கை மேஜைமேல் மெதுவாக மூடிக்கொண்டது. அது யாருடைய கை என்று எனக்கு இப்போது தெரிந்தது.

பிறகு கிட்டாரைத் தன் பக்கம் திருப்பினார். புறங்கையால் தடவிக்கொண்டே வந்த விரல்கள் பிக்கப்பின் ஓரத்தில் நின்றன. உரிந்த டேப்பின் கீழே ஒரு நகம் அளவுக்கு உலோகம் பளபளத்தது.

"இத யாரு உரிச்சது?"

"நான்தாங்கக்கா."

அவர் திட்டவில்லை. தன் சுண்டுவிரல் நகத்தை அந்த இடத்தில் வைத்து அளந்து பார்த்தார். "கம்பிய இழுக்குறப்ப அவங்க விரல் எது வரைக்கும் வரும்?" என்று கேட்டார். நான் காட்டினேன். காட்டிய இடத்துக்கும் உரிந்த இடத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆள், பிறத்தியார் வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆம்ப்பைச் சரிசெய்த பின், பச்சை வயரை என்னையே மாட்டச் சொன்னார். திருகு துளையில் உட்கார எனக்கு மூன்று தடவை ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலமே சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தன் இடது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அவங்களப் பாவம்னு சொன்னேனே" என்றாள். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வருஷம் அக்கா வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். அந்த முன்னறையில் இப்போது ஒரு தையல் கடை இருக்கிறது. நாங்கள் இன்னும் வாசிக்கிறோம். கடைசி வரியில் சுமதி இன்னும் என்னிடம் வருகிறாள். ஷாக் அடிக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை. கம்பியை இழுப்பதற்கு முன், இடது கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தால் ஆறு கம்பியையும் லேசாக ஒரு தடவு தடவுகிறாள். ஜனங்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்து அதற்கே கைதட்டுகிறார்கள். அவள் கையைத் திருப்பிப் போடும்வரை நான் மூச்சு விடுவதில்லை.